தள்ளிப்போன நாள்

ஆவணி அமாவாசைக்கு முந்தைய பத்து நாளில் பிரேம்நாத் நடந்த நடையை ஒரே நேர்கோட்டில் நடந்திருந்தால் சென்னைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். நடந்ததெல்லாம் ஒரே அறைக்குள். பிள்ளையார்பாளையத்தில் மாடியில் ஒற்றை அறை. சுவரிலிருந்து சுவருக்குப் பதினொரு எட்டு. கீழ் வீட்டில் தறி ஓடுகிறவரைக்கும் அவன் காலடி யாருக்கும் கேட்காது. தறி நின்றதும் கீழிருந்து குரல் வரும்.

"மேல என்னாபா, கபடியா ஆடிக்கினு இருக்கே?"

நடை நிற்கும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தொடங்கும்.

கையில் போன். தினமும் காலை ஏழு மணிக்கு அதில் ஒரே செய்தி வரும். 'இன்னும் இல்ல.'

அனுப்புகிறவள் பிரியதர்ஷினி. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் முகூர்த்தப் புடவை விற்கிறவள். வயது இருபத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை. இன்னும் வராதது அவளுடைய மாதவிலக்கு.

பிரேம்நாத்துக்கு முப்பத்திரண்டு. சொந்த ஊர் தாமல். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. அவன் மனைவி சத்யப்ரியா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு தாமலில் இருக்க முடியாமல் இங்கே வந்து குடியேறினான். வேளாவேளைக்குச் சாப்பிட்டான், வேலைக்குப் போனான், யாராவது சிரித்தால் கூடச் சேர்ந்து சிரித்தான். உள்ளே மட்டும், பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி ஒரு பக்கம் மரத்துக் கிடந்தது.

தர்ஷினியைப் பார்த்தது கடையில். அவன் போட்ட டிசைனில் நெய்த புடவை ஒன்றைப் பிரித்துக் காட்டி, "சார், இந்த யாளி மூஞ்சியப் பாருங்க. ஒரு வாரமா பட்டினி கெடந்த மாதிரி இருக்குது. கல்யாணப் பொண்ணு பயந்துக்காதா?" என்றாள். சிரித்துவிட்டான். சிரித்தது தான்தான் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அது மாசி மாதம். ஆடி அமாவாசைக்குள் 'சார்' போய் 'பிரேம்' வந்திருந்தது. கோபம் வந்தால் மட்டும் 'டிசைனர் சார்.'

அமாவாசை என்றால் ஊரில் தறி ஓடாது. அவன் வேலை செய்யும் இடத்திலும் விடுமுறை. ஆடி அமாவாசையன்று கீழ் வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு திருமுக்கூடல் ஆற்றுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போயிருந்தார்கள். தர்ஷினி வீட்டில் கடைக்குப் போவதாகவும், கடையில் வீட்டில் விசேஷம் என்றும் சொல்லிவிட்டு அவன் அறைக்கு வந்தாள். தெருவே அடங்கிக் கிடந்தது. எப்போதும் காதில் அடித்துக்கொண்டிருக்கும் சத்தம் இல்லாததால், தாங்கள் மூச்சுவிடுவதே அடுத்த வீட்டுக்குக் கேட்கும் போலிருந்தது.

பிறகு அவள் எழுந்து உட்கார்ந்து தலைமுடியைச் சுருட்டி முடிந்தாள்.

"ஒண்ணும் வாங்கி வெக்கலியா நீ?"

"இல்ல. நெனைக்கவே இல்ல."

"படிச்ச ஆளு!" என்றாள். கொஞ்ச நேரம் விரலை மடக்கினாள். "பரவால்ல. எப்படியும் ரெண்டாந்தேதியிலேர்ந்து மாத்திரை போடப் போறேனே."

அந்த மாத்திரை விஷயம் அவனுக்கும் தெரியும். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று தர்ஷினியின் அம்மா கங்கையம்மாள், தெரு அம்மன் கோயிலுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆடி நாலாம் வெள்ளி. கணக்குப்படி தர்ஷினிக்கு அந்த வாரத்தில்தான் தூரம் வரும். அதனால் நாளைத் தள்ளிப்போட மாத்திரை. ஆடி மாதம் வந்துவிட்டால் அந்தப் பக்கத்து மெடிக்கல் கடைகளில் யாரும் டாக்டர் சீட்டு கேட்பதில்லை. 'பால்குடமா, தீமிதியா?' என்று மட்டும் கேட்டுவிட்டு அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

"அதுவும் இதுவும் ஒண்ணுதானே? கரு நிக்காம பாத்துக்கும் இல்ல?" என்றாள்.

"ரெண்டுமே ஹார்மோன்தான். ஒண்ணுதான்" என்றான் பிரேம்நாத். எங்கோ படித்த ஞாபகம். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய ஆளின் குரலில் சொன்னான்.

அந்த ஒரு வாக்கியத்தை நம்பி இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள். மூன்று நாள் போனது. அந்த மூன்று நாளுக்குள் ஒரு கடைக்குப் போய் வேறொரு மாத்திரை வாங்கியிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒன்றாம் தேதி அவள் காப்புக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் தேதியிலிருந்து மாத்திரை. எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை மஞ்சள் புடவையில் தலையில் குடத்தோடு நடந்தாள். கூட்டத்துக்குள் நின்று பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினாள். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மூன்று நாள் ஆனது. ஐந்து நாள் ஆனது. 'இன்னும் இல்ல.'

ஆறாம் நாள் போனில் தேடிப் படித்தான். ஒரு முறைக்கு நாலு முறை படித்தான். தள்ளிப்போடும் மாத்திரை நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அது கருத்தடை மாத்திரை அல்ல. அதிலும் அவள் அதைப் போட ஆரம்பித்தது சேர்ந்து ஒன்பது நாள் கழித்து. எப்படித் தடுக்கும்? அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. மாத்திரை போடாமல் இருந்திருந்தால் ஐந்தாம் தேதியே நாள் தள்ளியது தெரிந்திருக்கும். இப்போது மாத்திரையால் தள்ளியதா, வேறு காரணத்தால் தள்ளியதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதை அவளிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டான்.

"அப்ப அன்னிக்கு ஒண்ணுதான்னு சொன்னியே?" போனில் அவள் குரல் மெல்லியதாக வந்தது. கடையில் இருந்தாள்.

"தப்பா சொல்லிட்டேன்."

"தப்பா சொல்லிட்டாராம் டிசைனர் சார். புடவையில புட்டா தப்பா போனா அழிச்சிட்டு வேற வரையலாம். இதை என்னா பண்ணுவே?"

"டெஸ்ட் எடுத்துடலாம். நான் கிட் வாங்கியாறேன்."

"வேணாம்."

"ஏன்?"

"ரெண்டு கோடு வந்துட்டா? தெரியாம இருக்கிற வரைக்கும் இல்லன்னு நெனைச்சுக்கலாம் இல்ல? நாளைக்கு வந்துடும். அம்மா வேற பப்பாளியும் எள்ளுருண்டையுமா குடுத்துக்கினு இருக்குது."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"மாத்திரை சூடு புடிச்சு நின்னுபோச்சுன்னு நெனைச்சுக்கினு இருக்குது. நான் இன்னும் பூஜை ரூமை விட்டு ஒதுங்காம இருக்கேன் பாரு, தினம் நாள் எண்ணுது. நீ எண்ணுற. அம்மா எண்ணுது. நான் ஒருத்திதான் எண்ணாம எள்ளுருண்டை தின்னுக்கினு இருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. "வயிறு வலிக்குதா? ஒரு பக்கமா?" என்றான்.

"இல்ல."

"தலை சுத்துதா? தோள்பட்டை வலி?"

"தோள் ஏன்பா வலிக்கணும்? பால்குடம் எறக்கி எட்டு நாளாச்சு."

அடுத்த நாளும் அதையே கேட்டான். அதற்கடுத்த நாளும். நாலாவது நாள் அவள், 'தோள் நல்லா இருக்குது, மூட்டை தூக்க வரட்டுமா?' என்று செய்தி அனுப்பினாள்.

வேலையில் கை ஓடவில்லை. முதலாளி ஆதிகேசவன் பின்னால் வந்து நின்று, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்னாபா இது?"

"அன்னப்பட்சிண்ணா."

"அன்னப்பட்சி சரி. கழுத்து எங்க?"

பார்த்தான். தலை தனியாக, உடம்பு தனியாக, நடுவில் நாலு கட்டம் காலியாக இருந்தது. பார்டர் முழுக்க, வரிசையாக நாற்பது பறவை, நாற்பதும் அப்படியே.

"மொத்த மந்தையையும் வெட்டிட்டியேபா. தறிக்கு அட்டை அடிக்கப் போறதுக்கு முன்னாடி பார்த்தேன், இல்லன்னா பொண்ணு வூட்டுக்காரங்க நம்பள வெட்டியிருப்பாங்க." தோளில் தட்டினார். "ரெண்டு நாள் தாமல் போயிட்டு வா. ஒடம்பு சரியில்லாத மாதிரி இருக்கே."

தாமலுக்கு அவன் போகவில்லை. பதினொரு எட்டு, திரும்பிப் பதினொரு எட்டு.

ஆவணி அமாவாசையன்று காலை தறி ஓடவில்லை. ஏழு மணிக்குச் செய்தியும் வரவில்லை. ஏழரை வரை நடந்தான். கீழிருந்து யாரும் கேட்கவில்லை. அவர்களும் இன்று எழும்பத் தாமதம். இனி அவளைக் கேட்க வேண்டியதில்லை என்று முடிவு செய்து, வண்டியை எடுத்துக்கொண்டு, தன்னைத் தெரியாத பக்கமாகப் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போய் ஒரு மெடிக்கல் கடையில் நின்றான். கடையில் இருந்தது ஒரு பெண்.

"பிரெக்னன்சி கிட்."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"காலையில மொதல் யூரின்ல பாருங்க" என்று உறையில் போட்டுக் கொடுத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகத்தில் உண்மையான கனிவு இருந்தது. "நல்ல சேதியா வரட்டும்ணா. நெறைஞ்ச அமாவாசை."

உறையைச் சட்டைப் பையில் வைத்தான். இரண்டு வருஷத்துக்கு முன் இதே உறை வீட்டில் இருந்திருந்தால் என்று தோன்றியது. இவ்வளவு சின்னப் பொருள். சட்டைப் பையில் இருப்பதே தெரியவில்லை.

வண்டியைக் கிளப்பும்போது போன் அடித்தது.

"வந்துடுச்சு!" தர்ஷினி கிசுகிசுத்தபடியே கத்தினாள். "கேக்குதா? வந்துடுச்சுபா! காலையில எந்திரிச்சதும் பார்த்தேன். வூட்ல அம்மா பக்கத்துலயே இருந்துது, கடைக்கு வந்ததும் மொதல் வேலையா உனக்குத்தான் பண்றேன்."

அவன் வண்டியை நிறுத்தினான்.

"பிரேம்? இருக்கியா, இல்ல செத்துட்டியா? அப்பாடான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"எப்படி வருது?"

"என்னா, எப்படி வருது?"

"நெறையவா? எப்பவும் போலவா?"

"ச்சீ. லேசாத்தான். பிரவுன் கலர்ல. ஆரம்பம்தானே."

"வயிறு?"

"வயிறு வலிக்கத்தான் செய்யும். பீரியட்ஸ்னா வயிறு வலிக்காம நகமா வலிக்கும்?"

"தர்ஷினி, டெஸ்ட் எடுக்கணும். இன்னிக்கே. டாக்டரைப் பார்க்கணும்."

"வந்ததுக்கு அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு?"

"எடுக்கணும்."

"ஒரு வாரமா நான் எடுக்க மாட்டேன்னப்ப சரின்னு விட்ட. இப்ப வந்துடுச்சுன்னு சந்தோஷமா சொல்றேன், இப்ப எடுக்கணுமா? உனக்கு நான் மாசமா இருந்தாத்தான் நிம்மதியா?"

வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தான். எடுக்கவில்லை.

காந்தி ரோட்டுக்குப் போனான். கடையில் கூட்டம். ஒரு கல்யாண வீட்டார் எட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினி அரக்கு நிறப் புடவை ஒன்றை விசிறி மாதிரி விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். விற்பனைச் சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

"வாங்க சார். என்னா பார்க்கறீங்க?"

"பத்து நிமிஷம் பேசணும்."

"அந்த டிசைன் இப்ப ஸ்டாக் இல்ல சார்."

"அவசரம்."

"அவசரத்துக்கெல்லாம் பட்டு எடுக்கக் கூடாது சார், பின்னாடி வருத்தப்படுவீங்க." கல்யாண வீட்டு அம்மாள் ஒருத்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள். தர்ஷினி குரலைத் தாழ்த்தினாள். "போ இங்கேர்ந்து."

அவன் போகவில்லை. கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடக்க ஆரம்பித்தான். சூப்பர்வைசர் இரண்டு முறை என்ன வேண்டும் என்று கேட்டார். மூன்றாவது முறை அவர் வருவதற்குள், தர்ஷினி புடவையை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வந்துடறேண்ணா" என்று பின் வாசல் வழியாக இறங்கினாள்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றார்கள்.

"பைத்தியம் புடிச்சுடுச்சா உனக்கு? எல்லாரும் பார்க்கறாங்க. என் பேரு..."

"சத்யா எப்படிச் செத்தான்னு உனக்குச் சொல்லவே இல்ல."

அவள் நிறுத்தினாள். "வயித்துல ரத்தம் கசிஞ்சுதுன்னு சொன்ன."

"அவளுக்கு நாள் தள்ளிப்போச்சு. பன்னெண்டு நாள். நான் அப்பத்தான் வேலை மாறியிருந்தேன். இப்ப கொழந்தை வேணாம்னு சொல்லிக்கினு இருந்தேன். பதிமூணாம் நாள் காலையில வந்து, வந்துடுச்சுங்கன்னா. லேசாத்தான். பிரவுன் கலர்ல."

தர்ஷினி ஒரு அடி கிட்டே வந்தாள்.

"நான் அப்பாடான்னேன். அவளும் சிரிச்சா. மத்தியானம் வயிறு வலிக்குதுன்னா. அந்த நாள்னா வலிக்கத்தானே செய்யும்னேன். அப்புறம் தோள்பட்டை வலிக்குதுன்னா. கோணலா படுத்திருப்பேன்னேன். கேஸ் மாத்திரை குடுத்தேன். நாலு மணிக்கு மயக்கம் போட்டுட்டா. கார் புடிச்சு வந்தோம். தாமல் ஏரிக்கரை தாண்டறப்ப என் கையைப் புடிச்சுக்கினு இருந்தா. ஆஸ்பத்திரி வாசல்ல புடி இல்ல."

அவன் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. டிசைனில் எத்தனை கட்டம் என்று சொல்வது மாதிரி சொன்னான்.

"கரு குழாய்லயே தங்கி வளர்ந்திருக்குது. அது வெடிச்சு உள்ளயே ரத்தம். வெளிய வந்தது பீரியட்ஸே இல்ல. டாக்டர் கேட்டாரு, நாள் தள்ளினப்ப ஒரு டெஸ்ட் எடுத்தீங்களான்னு. எடுக்கல. வந்துடுச்சே, எதுக்கு டெஸ்ட்டுன்னு எடுக்கல."

சந்தில் சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. தர்ஷினி சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு தலையில் வைத்திருந்த பூவைச் சரிசெய்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இத்தினி நாளா தோளு தோளுன்னு கேட்டது இதுக்கா?"

தலையாட்டினான்.

"மொதல்லயே சொல்லியிருந்தா டெஸ்ட் எடுத்திருப்பேன்ல. மரம் மாதிரி நிப்பியா?" கண்ணைத் துடைத்தாள். "தலைவலின்னு சொல்லிட்டு வரேன். வண்டியை அந்த முனையில நிறுத்து. வாசல்ல வேணாம்."

ரயில்வே ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் பெயர் ஷாரோன். வரவேற்பில் கிரேஸ் என்ற நர்ஸ், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "பேரு, வயசு சொல்லும்மா" என்றாள்.

தர்ஷினி பெயரைச் சொல்லிவிட்டு நின்றாள். "அக்கா, வந்து... எனக்குக் கல்யாணம் ஆகல."

"நான் கேக்கவே இல்லியேம்மா" என்றாள் கிரேஸ். "இங்க வர்றவங்க பேரு இந்த நோட்டோட நிக்கும். வெளிய பேசறது எங்க வேலை இல்ல. உள்ள போ."

கிரேஸ் கொடுத்த சின்னக் குப்பியோடு கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, தர்ஷினி டாக்டர் அறைக்குள் போனாள். பிரேம்நாத் நடைபாதையில் நடந்தான். இங்கே ஒன்பது எட்டு. ஒரு முனையில் தண்ணீர் கேன், மறு முனையில் குழந்தை படம் போட்ட காலண்டர்.

"உட்காருங்கண்ணா" என்றாள் கிரேஸ். "டைல்ஸ் தேஞ்சுடப் போவுது. அஞ்சு நிமிஷம்தான்."

உட்கார்ந்தான். எழுந்தான்.

இரண்டு கோடு வந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்ல வேண்டும். எங்கே தங்கியிருக்கிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். உள்ளே வலி இருக்கிறதா என்று அவள் சரியாகச் சொல்வாளா? எள்ளுருண்டை வலி என்று சொல்லிவிடுவாளா? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது? ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் அவள் என்ன குரூப்? சத்யாவின் குரூப் அவனுக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. தர்ஷினியின் குரூப் இப்போதும் தெரியாது. ஒன்பது எட்டு. திரும்பி ஒன்பது எட்டு.

"நீங்களும் வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டாக்டர் ஷாரோனுக்கு நாற்பது வயதிருக்கும். மேசையில் ஒரு வெள்ளைத் தகடு. அதில் ஒரே ஒரு கோடு.

"ஒரு கோடு" என்றார் டாக்டர். "கரு இல்ல."

பிரேம்நாத் தகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "தப்பா காட்டாதா?"

"சீக்கிரமா எடுத்தா தப்பா காட்டலாம். நீங்க சேர்ந்தது ஆடி அமாவாசைக்குன்னு சொன்னாங்க. ஒரு மாசம் ஆயிடுச்சு. மூணு வாரம் தாண்டினப்புறம் எடுத்தா நம்பலாம். வயித்தை அமுக்கிப் பார்த்துட்டேன். பிரஷர், பல்ஸ் நல்லா இருக்குது. இது பீரியட்ஸ்தான்."

"ஏன் இத்தினி நாள் தள்ளிச்சு?"

"அந்த மாத்திரைக்கப்புறம் சில பேருக்கு இப்படி ஆவும். பத்து நாளா பயந்துக்கினே இருந்தாலும் தள்ளும்." டாக்டர் தர்ஷினி பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. இது அதிர்ஷ்டம். போன மாசம் எட்டாந்தேதி பீரியட்ஸ், இருபத்து நாலாந்தேதி சேர்ந்திருக்கீங்க. கரு தங்க வாய்ப்பு இருந்த நாள்தான். தங்கல. தள்ளிப்போடற மாத்திரையை நம்பி இனிமே இருக்காதீங்க. அது வாசலைக் கொஞ்ச நாள் சாத்தி வைக்கும், அவ்வளவுதான். உள்ள ஏற்கனவே வந்ததை ஒண்ணும் பண்ணாது."

"அன்னிக்கே உங்ககிட்ட வந்திருந்தா?" என்றாள் தர்ஷினி.

"ஒரு மாத்திரை குடுத்திருப்பேன். எவ்வளவு சீக்கிரம் போடறோமோ அவ்வளவு நல்லது. மூணு நாள் தாண்டினா பலன் கொறைஞ்சுடும். அதுவும் நூத்துக்கு நூறு கிடையாது. அதை விட, முன்னாடியே யோசிக்கறது நல்லது. காண்டம் இருக்குது, தினம் போடற மாத்திரை இருக்குது. எதுன்னு ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க." பிறகு, "ரத்தத்தைப் பார்த்த பெறகும் டெஸ்ட் வேணும்னு சொன்னது யாரு?" என்றார்.

"இவருதான்."

"சரியா சொல்லியிருக்காரு. லேசா ரத்தம் வந்தா பீரியட்ஸ்னு விட்டுடறவங்கதான் நெறைய. நாள் தள்ளியிருந்தா எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடணும். கூடவே ஒரு பக்கமா வலி, மயக்கம்..."

"தோள்பட்டை" என்றான் பிரேம்நாத்.

டாக்டர் அவனைப் பார்த்தார். பிறகு தர்ஷினியைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையாட்டினாள்.

"உங்க வீட்லயா?"

"மனைவி. ரெண்டு வருஷம் ஆவுது." தகட்டிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்குக் காலையிலயே கூட்டிக்கினு வந்திருந்தா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "காப்பாத்தியிருக்க வாய்ப்பு அதிகம்" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். நூறு பேரு உண்டானா ஒருத்தர் ரெண்டு பேருக்கு அப்படிக் குழாய்ல தங்கும். அன்னிக்கு உங்களுக்கு அது தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. யாரும் சொல்லித் தரல. இன்னிக்குத் தெரிஞ்சிருந்துது, கூட்டிக்கினு வந்துட்டீங்க."

வெளியே வெயில் ஏறியிருந்தது. வண்டியருகே நின்று தர்ஷினி அவன் முகத்தையே பார்த்தாள்.

"இப்பவாவது சொல்லேன்."

அவன் வாயைத் திறந்தான். அந்த வார்த்தை உதடு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"சரி, விடு" என்றாள். "உனக்கு அந்த வார்த்தை வேணாம். எனக்காக நானே சொல்லிக்கறேன். அப்பாடா!" இரண்டு கையையும் நீட்டி மூச்சைப் பெரிதாக இழுத்து விட்டாள். பிறகு அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். "அது என்னா?"

உறையை எடுத்துக் கொடுத்தான். பிரித்துப் பார்த்தாள்.

"ரெண்டு எதுக்கு?"

"தெரியல. ரெண்டுன்னு வாயில வந்துடுச்சு."

ஒன்றை அவன் கையில் திருப்பி வைத்தாள். இன்னொன்றைத் தன் கைப்பையில், சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவே செருகினாள். "இது என்கிட்ட இருக்கட்டும். அது உன்கிட்ட."

கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். முனை வந்ததும் நின்றாள்.

"அடுத்தது மகாளய அமாவாசை. திருமுக்கூடல் போயி சத்யாக்காவுக்கு எள்ளுத்தண்ணி எறச்சிட்டு வா. போன அமாவாசைக்குப் போயிருக்கணும் நீ. என்கூட இருந்த."

"ம்."

"சாயந்திரம் எங்க வூட்டுக்கு வா. வாசல் வழியா. அம்மா இருக்கறப்ப."

"வந்து என்னா சொல்றது?"

"அதையும் நானே சொல்லித் தரணுமா டிசைனர் சார்? வேணாம்னா வராத. ஆனா இனிமே நான் வூட்ல கடைன்னும் கடையில வூடுன்னும் சொல்லிட்டு வர மாட்டேன். முடிஞ்சுது அது." கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். ஏற்றியவள் நின்று, அந்தத் தோளை அவன் முன்னால் இரண்டு முறை சுழற்றிக் காட்டினாள். "பார்த்துக்கோ. வலி இல்ல."

ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

பிள்ளையார்பாளையம் அமைதியாக இருந்தது. வாசலில் நின்றிருந்த கீழ் வீட்டுக்காரர், "என்னாபா, இன்னிக்கு லீவு. மேல ஆட்டம் இல்லியா?" என்றார்.

"இல்லண்ணா. முடிஞ்சுது."

"யாரு ஜெயிச்சது?"

சிரித்துவிட்டு மாடி ஏறினான். பாதிப் படியில் நிற்க வேண்டியிருந்தது. இடது கால் ஊன்ற முடியவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பார்த்தான். குதிகால் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ தெரியாது. தொட்டுப் பார்த்தான். சுரீரென்று வலித்தது.